இன்னொரு பியானோவின் சுருதி

ஹானியா ‘லா’ சுரத்தை அழுத்தினாள். எவேலியோவின் கிளாரினெட்டும் ‘லா’ என்றது. ஆனால் ஒரு மயிரிழை மேலே.

மயிரிழைதான். தெருவில் போகிறவர்கள் காதுக்கு இரண்டும் ஒன்று. இருபத்திரண்டு வருடம் ஒரே மேடையில் அவனோடு வாசித்தவள் காதுக்கு அப்படியில்லை. கட்டிய கணவன் தூக்கக் கலக்கத்தில் வேறொருத்தி பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது.

“இன்னொரு தடவை ஊது.”

ஊதினான். மறுபடியும் மேலே.

“ஊதுவாய்ல இருக்கிற ரீட் புதுசு. இன்னும் படியலை” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான் எவேலியோ. கொஞ்சம் அவசரமாகவே திரும்பினான். முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு கிளாரினெட்டில் எதையோ கழற்றி எதையோ மாட்டினான். பிறகு ஊதியபோது சுருதி கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஹானியா பார்த்துவிட்டாள்.

கிளாரினெட்டில் ஊதுவாய்க்கும் உடலுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு உண்டு. பேரல் என்பார்கள். அது நீளமானால் சுருதி இறங்கும், குட்டையானால் ஏறும். எவேலியோவிடம் இரண்டு பேரல்கள். நீளமானது இந்த வீட்டுக்கு. குட்டையானது வெளியே மேடைகளுக்கு.

ஏனென்றால் இந்த வீட்டுப் பியானோ ஹானியாவின் அப்பாவுடையது. அவர் எரேதியா ஊர் பேண்டை நடத்திய காலத்தில் வாங்கியது. ஆணிகள் தளர்ந்துவிட்டன. சுருதியை ஏற்றி முறுக்கினால் கம்பி அறுந்துவிடும். அதனால் எல்லாச் சுரமும் ஒரு இழை கீழேயே உட்கார்ந்திருக்கும். “நம்ம வீட்ல சங்கீதம்கூட வீட்டுச் செருப்பு போட்டுக்கிட்டுதான் நடக்கும்” என்று விருந்தாளிகளிடம் எவேலியோ சொல்லிச் சிரிப்பான்.

சற்றுமுன் அவன் கழற்றியது குட்டை பேரல். நேற்று கழற்ற மறந்திருக்கிறான்.

இவர்கள் கடைசியாக மேடை ஏறி ஒன்றரை மாதம் ஆகிறது.

அப்படியானால் நேற்று அவன் யாருடைய பியானோவோடு வாசித்தான்?

“காபி ஆறுது” என்றான் எவேலியோ, கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்தபடி. “பிந்தோ பண்ணியிருக்கியா?”

“பண்ணியிருக்கேன்.”

கருப்பு பீன்ஸையும் சோற்றையும் பிரட்டி அவன் தட்டில் வைத்தாள். முட்டையை உடைத்தாள். துணி வடிகட்டியில் காபி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மனம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. லோஸ் யோசெஸ் பகுதியில், மாமரம் வைத்த முன்வாசலோடு ஒரு வாடகை வீடு.

லீஹியாவின் வீடு.

மூன்று மாதம் முன்பு, விவாகரத்துப் பத்திரத்தோடும் ஒரு கறுப்புப் பியானோவோடும் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தாளே, ஹானியாவின் அக்கா, அவளேதான். லிமோன் துறைமுகத்தில் பியானோவை இறக்கிய அன்று எவேலியோதான் லாரி பிடிக்கப் போனான். திரும்பி வந்தவன் சாப்பாட்டு மேஜையில் சொன்னது ஒரே வரி. “என்ன சத்தம் தெரியுமா அது!”

அன்றைக்கே ஹானியா தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

‘ப்ரேனெஸ்–செலெதோன் ஜோடி’ என்றால் கோஸ்தா ரிக்காவில் சங்கீதம் கேட்கிற எல்லாருக்கும் தெரியும். கிளாரினெட் எவேலியோ ப்ரேனெஸ், பியானோ ஹானியா செலெதோன். ஆனால் முதல் போஸ்டர் அச்சடித்தபோது செலெதோன் என்றால் அது லீஹியா செலெதோன். ஹானியா அப்போது பக்கம் திருப்புகிறவள். பியானோவுக்கு இடது புறம் ஒரு நாற்காலி. வளையல் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, மூச்சு சத்தமாக விடக் கூடாது. அக்கா தலையசைக்கும்போது எழுந்து இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கைதட்டல் வரும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிறகு லீஹியாவுக்கு உதவித்தொகை வந்தது. கச்சேரிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது விமானம் ஏறிவிட்டாள். எவேலியோ தவித்து நின்றான். எல்லாப் பக்கமும் மனப்பாடமாக இருந்த பக்கம் திருப்புகிறவள் நாற்காலியிலிருந்து பியானோ பெஞ்சுக்கு நகர்ந்தாள். போஸ்டரில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இப்போது மெக்ஸிகோ விழாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. கடிதத்தில் இருந்ததும் அதே போஸ்டர் பெயர்தான். நாளை காலை போன் செய்து உறுதி கேட்பார்கள்.

எவேலியோ குளிக்கப் போனான். குழாய்ச் சத்தம் கேட்டதும் ஹானியா பெட்டியைத் திறந்தாள். குட்டை பேரலை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். பெட்டியை மூடினாள்.

திருட்டுதான். ஆனால் கணக்கு எளிமையானது. இன்றைக்கு அவன் சொன்னபடி சங்கீதப் பள்ளியில் பாடம் எடுக்கப் போனால், பியானோ இல்லாத அந்த வகுப்பில் இந்தத் துண்டு அவனுக்குத் தேவையில்லை. வேறு எங்கேயாவது போனால் தேவைப்படும். தேவைப்பட்டாலும் அவளிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது.

*

மதியம் வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டுகிற இரைச்சலில் போன் மணியே சரியாகக் கேட்கவில்லை.

எவேலியோ இல்லை. மகள் மிலேனா.

“அம்மா, அப்பாவோட குட்டை பேரல் வீட்ல இருக்கா பாரேன்.”

ஹானியா பாவாடைப் பைக்குள் கையை விட்டு அந்த மரத்துண்டை இறுக்கிப் பிடித்தாள். இது அவள் எதிர்பார்த்த குரல் இல்லை. வலைக்குள் விழுந்திருப்பது வேறு மீன்.

“யாருக்குடி வேணும்?”

“அப்பாவுக்குத்தான். ஒரு... ஒரு ஸ்டூடண்டுக்குக் காட்டணுமாம்.”

“நீ எங்கே இருக்கே?”

“யூனிவர்சிட்டில.”

மகளின் குரலுக்குப் பின்னால் யாரோ பியானோவில் விரல் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். இடது கை ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் சுண்டுவிரல் மற்ற விரல்களுக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் விழுந்தது.

“கட்டடக்கலை டிபார்ட்மெண்ட்ல எப்போலேர்ந்து பியானோ வச்சிருக்காங்க?”

பின்னால் பியானோ சட்டென்று நின்றது.

“அது உன் பெரியம்மாவோட சுண்டுவிரல். நான் பாவாடை கட்டத் தெரியாத வயசுலேர்ந்து அந்தச் சுண்டுவிரலைக் கேக்கறேன். எங்கிட்டயே பொய் சொல்றியா?”

“அம்மா, நீ நினைக்கிற மாதிரி இல்ல. நான் விளக்கறேன்...”

“நீ அங்கே என்னடி பண்றே?”

மிலேனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பக்கம் திருப்பறேன்.”

கணவன் அங்கே இருப்பதைவிட இது ஆழமாகக் குத்தியது. அந்த நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று.

“பேரல் வேணும்ல? சொல்லு உங்கப்பாகிட்ட. நானே கொண்டு வரேன்.”

*

சிவப்பு டாக்ஸிக்காரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “தோன்யா, எங்கேம்மா, கல்யாணத்துக்கா, சண்டைக்கா?”

“ஏன்?”

“கல்யாணத்துக்குப் போறவங்க குடை எடுத்துட்டு வருவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டான். அதற்குப் பிறகு வைப்பரின் சத்தம் மட்டும்தான்.

லீஹியாதான் கதவைத் திறந்தாள். நரைத்த குட்டை முடி, ஆண்கள் போடுகிற கம்பளிச் சட்டை, காலில் காலுறை. தங்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“நனைஞ்ச பூனை மாதிரி வந்திருக்கே. உள்ளே வா. வெல்லத் தண்ணி போடறேன்.”

“விருந்துக்கு வரலை அக்கா.”

“தெரியும். விருந்துக்குக் கூப்பிட்டப்போதான் நீ வரவே இல்லையே.”

அறையில் முக்கால்வாசி அந்தக் கறுப்புப் பியானோதான். எவேலியோ அதன் வளைவில் நின்றிருந்தான். இடது பக்க நாற்காலியில் மிலேனா, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, திருடிப் பிடிபட்டவள் போல.

ஹானியா பையிலிருந்து பேரலை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, உன் சுருதி. வீட்ல விட்டுட்டு வந்துட்டே.”

“ஹானியா, உக்காரு. பேசுவோம்.”

“பேச்சு எதுக்கு? வாசிங்க. நேத்து வாசிச்சதை இன்னைக்கு நானும் கேக்கறேன். மிலேனா, எழுந்திரு. அது என் நாற்காலி.”

மிலேனா எழுந்தாள். லீஹியாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

“பக்கம் திருப்ப இன்னும் ஞாபகம் இருக்கா?”

“உனக்குத் திருப்பிப் பழகினவதானே. நடுவுல எழுந்து போனது நீ.”

எவேலியோ நீளப் பேரலைக் கழற்றிக் குட்டையை மாட்டினான். லீஹியா ‘லா’ கொடுத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஹானியா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சொனாட்டாவின் இரண்டாம் பகுதி. மெக்ஸிகோவில் வாசிக்கப்போவது.

லீஹியா தொடங்கினாள். பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை, ஹானியா தனக்குள்ளேயே ஒப்புக்கொண்டாள். அழகாக இருந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் துடைத்து வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி நின்றது. அதன் மேல் எவேலியோவின் கிளாரினெட் ஏறியபோது, வீட்டில் அவள் கேட்டிராத ஒரு பளபளப்பு அதில் இருந்தது. இந்தப் பளபளப்பை இவன் எத்தனை நாளாக இங்கே வந்து கொட்டிவிட்டுப் போகிறான்? எனக்கு வீட்டுச் செருப்பு, இவளுக்குப் பட்டுச் செருப்பா?

லீஹியா தலையசைத்தாள். ஹானியா எழுந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். தாள் சத்தமே போடவில்லை. அந்தப் பெருமையாவது மிஞ்சியது.

மூன்றாம் பக்கத்தின் உச்சியில்தான் அந்த நீளமான வரி. ஒரே மூச்சில் ஏறி, ஒரே மூச்சில் இறங்க வேண்டும். லீஹியா தாளத்தைக் கொஞ்சமும் விட்டுக் கொடுக்கவில்லை. அச்சடித்தபடி, அவசரமே இல்லாமல் வாசித்தாள்.

எவேலியோ ஏறினான். உச்சியைத் தொட்டான். இறங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. கடைசிச் சுரத்துக்குச் சற்று முன்னால் சத்தம் மெலிந்து, விரிசல் விட்டு, அறுந்தது. கரையேறுகிறவன் போலக் காற்றை இழுத்தான்.

லீஹியா கையை எடுத்தாள். “மறுபடியும் அதே இடம்.”

ஹானியாவுக்குள் ஒரு சர்க்கரைக் கட்டி கரைந்தது. ஆமாம், சந்தோஷம்தான். கேவலமான, இனிப்பான சந்தோஷம். என்னோடு வாசிக்கும்போது ஒரு நாளும் அறுந்ததில்லை. ஒரு நாளும்.

நிமிர்ந்து கணவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கம் இல்லை. தேடிய பதில் கிடைத்துவிட்டவன் முகம் அது.

“ஹானியா” என்றான். “உன்கூட வாசிக்கறப்போ மட்டும் எனக்கு ஏன் மூச்சு பத்துது?”

அவள் கண்ணைத் தாளுக்குத் திருப்பினாள்.

பெஞ்சில் லீஹியா மெல்லத் திரும்பி தங்கையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். “அடிப்பாவி” என்றாள், ஏறக்குறைய மரியாதையோடு.

“இதைத் தெரிஞ்சுக்கத்தான் இங்கே வந்தேன்” என்றான் எவேலியோ. “மெக்ஸிகோ நகரம் ஏழாயிரம் அடி உயரத்துல இருக்கு. அங்கே காத்தே பத்தாது. என் நெஞ்சு தாங்குமான்னு பாக்கணும். உன்கூட வாசிச்சா எல்லாம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் சந்தேகம் வந்துச்சு. லீஹியா யாருக்கும் இரக்கம் காட்ட மாட்டா.”

“ரொம்ப நன்றி” என்றாள் லீஹியா. “கல்லறைல அதையே எழுதி வைங்க.”

“எப்போலேர்ந்து ஹானியா?”

“நிமோனியா வந்து எழுந்தியே, அதுலேர்ந்து.”

“ரெண்டு வருஷமா?”

“அந்த வரி வர்றதுக்கு முன்னாடி உன் தோளைப் பாப்பேன். தோள் ஏறினா இடது கையைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு தாளத்தை வேகமாக்குவேன். இழை அளவுதான். நீயும் கூடவே வந்துடுவே. மூச்சு முடியறதுக்குள்ள வரி முடிஞ்சிடும்.”

“பேப்பர்ல எழுதினானே ஒருத்தன், ‘ப்ரேனெஸின் மூச்சுக்கு எல்லையில்லை’ன்னு. அதை வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது நீதானே?”

“ஆமா.”

“ஒட்டறப்போ சிரிச்சியா?”

“சந்தோஷப்பட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின பேருன்னு.”

“ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்தாதானே அது சேர்ந்து வாங்கின பேரு?”

“சொல்லியிருந்தா நீ மூச்சையே நினைச்சுக்கிட்டு நிப்பே. நினைச்சா வராது.”

மிலேனா சுவரோடு ஒட்டி நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்க வந்த அம்மாவே பிடிபட்டு நிற்பது அவளுக்கும் புரிந்துவிட்டது.

இதற்குள் லீஹியாவின் இடது கை பியானோவுக்குத் திரும்பியிருந்தது. அந்த வரியின் அடிச்சுரங்களைத் தனியே வாசித்தாள். “எங்கே சாய்ப்பே? உச்சிக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“சொல்ல மாட்டேன்.”

லீஹியா ஒரு தரம் வாசித்தாள். பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. தலையாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தாள். இந்த முறை கிட்டே வந்துவிட்டாள். மூன்றாம் முறை...

அதேதான். இடம், அளவு, மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிற விதம், எல்லாமே அச்சாக அதே. இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்ததை அக்கா உட்கார்ந்த இடத்திலேயே பறித்துக்கொண்டாள். சின்ன வயதில் பொம்மையைப் பறித்த அதே லாகவம்.

எவேலியோவின் கை, அவனறியாமலே, கிளாரினெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனது.

“எழுந்திரு அக்கா.”

“என்ன?”

“எழுந்திருன்னு சொன்னேன். அது என் இடம்.”

லீஹியா எழுந்தாள். ஹானியா பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டைகள் கனமாக, அந்நியமாக இருந்தன. பரவாயில்லை. “வா எவேலியோ. மூணாம் பக்கம்.”

தொடங்கினார்கள். நாலு சுரம் போவதற்குள் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. இந்தக் கிளாரினெட் எங்கே திரும்பும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். பளபளப்பு இருந்தது, இந்தப் பியானோவில் அவளுக்கும் அது கிடைத்தது. வரி நெருங்கியது. அவன் தோள் ஏறியது. அவள் இடது கை, பழக்கம்போல, இழை அளவு முன்னால் சாய்ந்தது.

அவன் கூட வரவில்லை.

பழைய வேகத்திலேயே நின்று, தன் சுரத்தை முழு நீளத்துக்கும் பிடித்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரே வரியில் இருவரும் வேறு வேறு இடத்தில் இருந்தார்கள். அவள் முன்னே போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் பின்னால் தனியாக ஏறிக்கொண்டிருந்தான். முகம் சிவந்தது. சத்தம் அறுந்தது.

“தள்ளாதே” என்றான், மூச்சு வாங்கியபடி.

“தள்ளலேன்னா நீ விழுவே.”

“விழறேன். நான் விழறது என் காதுக்குக் கேக்கணும்.”

மழை விட்டிருந்தது. மாமரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நாளைக்குக் காலையில போன் வரும்” என்றாள் ஹானியா. குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. “என்ன சொல்லட்டும்?”

“ஜோடி வருதுன்னு சொல்லு.”

“யாரு யாரு?”

எவேலியோ கிளாரினெட்டைக் கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு துண்டாகத் துணியை விட்டு இழுத்துத் துடைத்தான். மணிப்பகுதி, கீழ் உடல், மேல் உடல், ஊதுவாய் எல்லாம் பெட்டியில் அதனதன் குழியில் போய் உட்கார்ந்தன. நீளப் பேரலும் அதன் இடத்தில் உட்கார்ந்தது.

குட்டை பேரலை மட்டும் கடைசிவரை கையில் வைத்திருந்தான். உட்புறம் உலர்கிற வரை துடைத்தான். பிறகு அதைப் பியானோவின் கறுப்பு மூடிமேல் நிற்க வைத்தான். பெட்டியை மூடினான். தாழ்ப்பாள் ‘டக்’ என்றது.

“வா மிலேனா. மரம் சொட்டுது, அம்மாவுக்குக் குடை பிடி” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

ஹானியா அந்தத் துண்டையே பார்த்தாள். நேற்று மாட்டியபடி விட்டது மறதி. இப்போது மேடைக்கான துண்டைத் துடைத்து, உலர்த்தி, இந்தப் பியானோமேல் நிற்க வைத்துவிட்டு, வீட்டுத் துண்டோடு போயிருக்கிறான். இது என்ன?

அவள் கையை நீட்டினாள்.

“அவனேதான் வச்சிட்டுப் போனான், ஹானி” என்றாள் லீஹியா, சின்ன வயதுப் பெயரைச் சொல்லி.

லீஹியாவின் இடது உள்ளங்கை பேரலின் மேல் இறங்கியது. சுண்டுவிரல்தான் முதலில்.